கண் பார்த்த வீடும் கேமரா பார்த்த வீடும்

விற்பனைக்கு வந்திருக்கும் வீடுகளின் படங்களை இணையத்தில் ஒரு பத்து நிமிடம் புரட்டிப் பாருங்கள். ஹால் படத்தில் ஜன்னல் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கும். மற்ற இடமெல்லாம் இருட்டு. சமையலறையில் ஒரு பாதி மஞ்சள், மறுபாதி நீலம். பீரோ பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பத்துக்குப் பத்து பெட்ரூம் முப்பது அடி நீளத்துக்கு ஓடும். டைல்ஸ் தரையில் டியூப் லைட்டின் பிம்பம் நீளக் கோடாகக் கிடக்கும். பாத்ரூம் கண்ணாடியில் படம் எடுத்தவரே செல்போனும் கையுமாக நிற்பார். கீழே விலை: 85 லட்சம், பேசிக்கொள்ளலாம்.

எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் அந்த ஹாலில் நின்றபோது ஜன்னல் வெள்ளைத் திட்டாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு அப்பால் தென்னை மரம் பச்சையாகத் தெரிந்தது. பீரோவும் நேராகத்தான் நின்றது. நம் கண் ஒரு நொடிக்கு மூன்று முறை போல இடம்விட்டு இடம் தாவுகிறது. போகிற இடத்து வெளிச்சத்துக்கு ஏற்ப விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. துண்டு துண்டாகப் பார்த்ததை மூளை ஒட்டி, ஒரே அறையாக நமக்குக் கொடுத்துவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே இடத்தில் நின்று, ஒரே கணத்தில், ஒரே அளவுகோலால் எல்லாவற்றையும் அளந்தாக வேண்டும்.

வீட்டைப் படமெடுக்கும் நுட்பத்தில் பெரும்பகுதி இந்த இடைவெளியை அடைக்கிற வேலைதான். கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது: வீட்டின் குறையை மறைப்பது. இரண்டுக்கும் அதே லென்ஸ், அதே பொத்தான்கள். எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் ஒளியியல் தெரிந்திருந்தால் போதும்.

ஜன்னலிலிருந்து தொடங்குவோம். உச்சி வெயிலில் வெளியே ஒளியின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். அதே நேரத்தில் ஒரு சாதாரண ஹாலுக்குள் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். வெயில் விழும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரையும் சோபாவுக்கு அடியில் இருக்கும் நிழலையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டுமென்றால் வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கில் போகிறது. புகைப்படக்காரர்கள் இதை ‘ஸ்டாப்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரண்டு மடங்காவது. பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. பெரிய சென்சார் கொண்ட நல்ல கேமராக்கள் 14 ஸ்டாப் வரை பிடிக்கும். செல்போனின் சுண்டுவிரல் நக அளவு சென்சார் ஒரே ஷாட்டில் அவ்வளவு பிடிக்காது. ஆகவே அது ஒரு பக்கத்தைத் தியாகம் செய்கிறது. ஹாலைக் காட்டினால் ஜன்னல் வெளுத்துவிடும், ஜன்னலைக் காட்டினால் ஹால் கறுத்துவிடும்.

இது புதிய சிக்கல் இல்லை. 1850களில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளை எடுத்தபோது, வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1997இல் பால் டெபெவெக்கும் இந்தியாவில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிட்டு மீட்கும் முறையை வெளியிட்டார்கள். இன்று உங்கள் போனில் எச்டிஆர் என்று இருப்பது அந்த வம்சம்தான். பொத்தானை ஒருமுறை அழுத்தினாலும் போன் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. அதனால்தான் கை ஆடாமல் இருப்பது முக்கியம். பத்து புத்தகத்தை அடுக்கி அதன்மேல் போனை வைத்து, மூன்று நொடி டைமரில் எடுத்தாலே படம் தெளிந்துவிடும். அதற்காக எச்டிஆரை அளவுக்கு மீறி முறுக்கவும் கூடாது. ஜன்னலும் அறையும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால், மூளை அதை நம்புவதில்லை. ஏதோ ஒட்டு வேலை என்று உடனே தோன்றிவிடும். ஜன்னல் அறையைவிடச் சற்றுப் பிரகாசமாக இருக்கட்டும். நேரில் நின்றபோதும் அப்படித்தான் இருந்தது.

கணினி வித்தையே வேண்டாம் என்றால் காத்திருக்கலாம். சூரியன் மறைந்த பிறகு வானத்தின் ஒளி மளமளவென்று இறங்கும்போது, ஒரு கட்டத்தில் அது வீட்டுக்குள் எரியும் விளக்கின் ஒளிக்குச் சமமாகிறது. அந்த நேரத்தில் வெளியிலிருந்து எடுத்தால் முகப்பு, ஜன்னல், உள் விளக்கு, வானம் நான்கும் ஒரே படத்தில் அடங்கும். விலை உயர்ந்த வீடுகளின் விளம்பரத்தில் நீல வானத்தின் கீழ் ஜன்னல்கள் பொன்னிறமாக மின்னுவது இப்படி எடுத்ததுதான். அந்த நீலத்துக்குப் பின்னால் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது. பகல் வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால். ஆனால் மாலையில் தலைக்கு மேலே தெரியும் அடர்நீலத்துக்கு முக்கியக் காரணம் ஓசோன் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஹல்பர்ட் 1953இல் கணக்கிட்டுக் காட்டினார். சாய்வாக வரும் ஒளி ஓசோன் அடுக்கில் நீண்ட தூரம் பயணம் செய்கிறது. வழியில் மஞ்சள், ஆரஞ்சு நிறங்களை ஓசோன் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது நீலம். லண்டன்காரருக்கு ஜூன் மாதத்தில் இந்த அந்தி முக்கால் மணி நேரம் நீடிக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், சென்னையில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆறு மணிக்கு மேல் டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் இருட்டில்தான் திரும்பி வர வேண்டும்.

அடுத்தது நிறம். நம் ஊர் டியூப் லைட்டுகளில் பெரும்பாலானவை 6,500 கெல்வின் அளவிலான நீலம் கலந்த வெள்ளை. வெதுவெதுப்பான மஞ்சள் பல்பு 2,700 கெல்வின். ஜன்னல் வழியே வரும் நிழல் ஒளி 7,000 கெல்வினுக்கும் மேல் போகலாம். ஒரே சமையலறையில் இந்த மூன்றும் சேர்ந்து எரிந்தால், கேமரா ஏதாவது ஒன்றைத்தான் ‘வெள்ளை’ என்று வைத்துக்கொள்ள முடியும். மற்ற இரண்டும் கறையாகத் தெரியும். நேரில் ஏன் தெரியவில்லை? கண்ணின் மூன்று வகை நிற உணரிகளும் சுற்றியுள்ள ஒளிக்கு ஏற்பத் தங்களைத் தனித்தனியே சரிசெய்துகொள்கின்றன என்று ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் ஃபான் க்ரீஸ் 1902இலேயே விளக்கினார். அந்த அறையில் நிற்பவருக்கு அறையின் ஒளிதான் உலகம். ஆனால் படத்தைப் பார்ப்பவர் வேறெங்கோ, தன் அறையின் ஒளிக்குப் பழகிய கண்ணோடு, கையிலிருக்கும் சின்னத் திரையைப் பார்க்கிறார். அவர் கண் உங்கள் சமையலறைக்காகச் சரிசெய்துகொள்ளாது.

ஆகவே ஒரு படத்துக்கு ஒரே வகை விளக்கு. பகலில் எடுத்தால் ஜன்னல் ஒளியை மட்டும் வைத்துக்கொண்டு மஞ்சள் பல்புகளை அணைத்துவிடலாம். திரைச்சீலையையும் கவனியுங்கள்: நீலத் திரையை இழுத்துவிட்டு எடுத்தால் அறை முழுக்க நீலம் பூசிக்கொள்ளும். கிளிப்பச்சைச் சுவர் எதிர்ச்சுவருக்குத் தன் பச்சையைக் கடன் கொடுக்கும். மலிவான எல்இடி விளக்குகளின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. அதனால் தேக்கு நிலைக்கதவும் ரெட் ஆக்சைடு தரையும் அந்த வெளிச்சத்தில் செத்துப்போய்த் தெரியும். பழைய வீட்டுக்காரர்கள் மிகவும் பெருமைப்படுகிற இரண்டும் அவைதான். அவற்றைக் காலை வெளிச்சத்தில் எடுங்கள். படத்தில் குறுக்கே கறுப்புக் கோடுகள் ஓடினால் போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. சென்சார் வரிவரியாகப் படிக்கும்போது அந்த மினுக்கல் கோடாகப் பதிகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றினால் கோடு போய்விடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கேமராவின் குறையைத் திருத்துவது. இனி வருவதுதான் வம்பு.

இன்றைய செல்போன்களில் இரண்டு மூன்று லென்ஸ்கள். முதன்மை லென்ஸ், பழைய 35 மிமீ பிலிம் கேமராக் கணக்கில் 24 அல்லது 26 மிமீ. ‘0.5’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது 13 மிமீக்கு இணையானது. மூலைக்கு மூலை ஏறத்தாழ 120 டிகிரியை வளைத்துப் பிடிக்கும். அறை சிறியது, முழுவதும் அடங்க வேண்டும் என்று எல்லோர் விரலும் இதில்தான் போகிறது. லென்ஸ் அறையை நீட்டுகிறது என்று சொல்வது பாதிதான் சரி. பொருள்களின் ஒப்பீட்டு அளவைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம். மூலையில் முதுகை ஒட்டி நின்றால் கட்டிலின் கால்மாடு உங்களிடமிருந்து இரண்டு அடியில், எதிர்ச்சுவர் பத்து அடியில். ஒரே உயரமுள்ள பொருளை இரண்டு இடத்திலும் வைத்தால் படத்தில் ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் தெரியும். சாதாரண லென்ஸில் அந்தக் கட்டில் முனை சட்டத்துக்கு வெளியே போய்விடும், ஆகவே உறுத்தாது. அகல லென்ஸ் அதை உள்ளே இழுத்துவந்து, முன்னால் பிரம்மாண்டமாகவும் பின்னால் குட்டியாகவும் காட்டிவிடுகிறது.

மூளை ஏமாறுவதற்கு இன்னொரு காரணம், படத்தைப் பார்க்கும் தூரம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சரியான பார்வைத் தூரம் உண்டு; அங்கிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கேமரா நின்ற இடத்திலிருந்து பார்த்தது போலவே இருக்கும். கணக்கு எளிது: லென்ஸின் குவிய நீளத்தைப் படம் எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். செல்போனை நிமிர்த்திப் பிடித்தால் படத்தின் அகலம் 7 சென்டிமீட்டர். 13 மிமீ லென்ஸில் எடுத்த படத்துக்கு விடை இரண்டரை சென்டிமீட்டர் வருகிறது. அதாவது திரை மூக்கில் இடிக்கும் அளவுக்கு நெருங்கினால்தான் அறை உள்ளபடி தெரியும். நாமோ 30 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்க்கிறோம். தூரத்திலிருந்து பார்க்கப் பார்க்க அறையின் ஆழம் இழுபடுகிறது. எதிர்ச்சுவர் பின்வாங்கிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: லென்ஸ் எதுவானாலும் மனிதர்கள் பார்வைத் தூரத்தைப் போதிய அளவு மாற்றிக்கொள்வதில்லை, அதனால்தான் அகல லென்ஸ் படங்கள் ஆழமாக நீண்டு தெரிகின்றன.

ஓரங்களில் இன்னொரு விகாரமும் நடக்கிறது. நேர்கோடுகளை நேராகவே வைத்திருக்கும் லென்ஸ், படத்தின் நடுவிலிருந்து 45 டிகிரி தள்ளி இருக்கும் உருண்டையான பொருளை வெளிப்பக்கமாக இரண்டு மடங்கும், குறுக்கே 1.4 மடங்கும் இழுத்துவிடும். மூலையில் வைத்த எவர்சில்வர் குடம் முட்டையாகிவிடும். எதிர்ச்சுவரில் தட்டையாக மாட்டிய கடிகாரம் மட்டும் வட்டமாகவே இருக்கும், அது சென்சாருக்கு இணையாக இருப்பதால். ஒரு படம் 0.5இல் எடுத்ததா என்று கண்டுபிடிக்க ஓரத்துக் குடத்தையும் பூந்தொட்டியையும் பார்த்தால் போதும். வீடு வாங்கத் தேடுகிறவர்கள் இதைப் பழகிக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு: 0.5 பொத்தானை விடுங்கள். முதன்மை லென்ஸிலேயே, அறைக்கு வெளியே வாசற்படிக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்து நின்று எடுங்கள். அடங்காவிட்டால் இரண்டு படமாக எடுங்கள். நாலடிக்கு ஏழடி பாத்ரூமுக்கு வேறு வழியில்லை, அங்கே அகல லென்ஸ் மன்னிக்கத்தக்கது; படத்தின் கீழே நீள அகலத்தை எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். நீட்டி எடுத்த படத்தைப் பார்த்து வருகிறவர் கதவைத் திறந்த உடனே ‘இவ்வளவுதானா?’ என்று நினைத்துவிட்டால், பிறகு நீங்கள் சொல்கிற எதையும் அவர் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வார். படத்தின் வேலை வாங்குபவரை வாசல்வரை அழைத்து வருவது. வாசலில் வைத்து அவரை ஏமாற்றுகிற படம் தோற்ற படம்.

சாய்ந்த பீரோவுக்கு வருவோம். கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கீழே குனிந்தால் கீழ்ப்பக்கம் நெருங்கும். இத்தாலியில் ஆல்பர்ட்டி 1435இல் ஓவியர்களுக்காக எழுதி வைத்த தூரத் தோற்ற (பெர்ஸ்பெக்டிவ்) விதிகளில் அடங்கிய சங்கதிதான். சென்சார் சுவருக்கு இணையாக, தரைக்குச் செங்குத்தாக நின்றால் கோடுகள் இணையாகவே நிற்கும். போன் கேமராவின் அமைப்பில் கிரிட் கோடுகளைப் போட்டுவிட்டு, நிலைக்கதவின் ஓரத்தை ஒரு கோட்டோடு ஒட்டிவைத்து எடுத்தால் காரியம் முடிந்தது. மாடி வீட்டின் எலிவேஷனைத் தெருவில் நின்று எடுக்கும்போதுதான் சிரமம். மேலே பார்க்காமல் முடியாது. இதற்காகவே 1960களின் தொடக்கத்தில் நிக்கான், லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய ஒரு சிறப்பு லென்ஸைக் கொண்டுவந்தது. நம்மிடம் அது இல்லை, ஆனால் அதே தத்துவத்தைச் செலவில்லாமல் செய்யலாம். பின்னால் தள்ளிப் போய், கேமராவை நேராக வைத்து எடுத்து, கீழ்ப் பாதியில் வரும் தார் ரோட்டை வெட்டிவிடுங்கள். எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருந்தால் அவர் வீட்டு மாடியிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

உயரமும் ஒரு விஷயம். நாம் நின்ற வாக்கில், முகத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கிறோம். கட்டிலின் உயரம் ஒன்றரை அடி, சோபாவும் ஏறக்குறைய அதே. ஐந்தடியிலிருந்து பார்த்தால் எல்லாம் குட்டையாகத் தெரியும். பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் நான்கு அடி பொருத்தம். சமையலறையில் மட்டும் அரை அடி கூட்டிக்கொண்டால் கிரானைட் மேடையின் பரப்பு தெரியும்.

அந்தக் கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும்தான் இன்றைய தமிழ்நாட்டு வீடுகளில் படத்தின் எதிரிகள். தரை பளபளக்கிறது என்று நாம் பெருமைப்படுவதைக் கேமரா வெள்ளைப் பட்டையாகப் பதிவு செய்கிறது. இதற்கு 1815இல் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் கண்டுபிடித்த விதி உதவுகிறது. உலோகமல்லாத பளபளப்பான பரப்பில் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பினால், அது முழுவதும் ஒரே தளத்தில் அதிரும் ஒளியாகிவிடும். கண்ணாடி, டைல்ஸ் போன்றவற்றுக்கு அந்தக் கோணம் சுமார் 56 டிகிரி. போலரைசர் வடிகட்டியை லென்ஸின் முன் வைத்துச் சுழற்றினால் ஒரு நிலையில் அந்த ஒளி அப்படியே அடைபடும், அடியிலிருக்கும் டைல்ஸின் நிறம் எழுந்து வரும். கேமரா நான்கடி உயரத்தில் இருந்தால் இந்தக் கோணம் உங்களிடமிருந்து ஆறடி தள்ளியுள்ள தரையில் சரியாகப் பொருந்தும். அங்கேதான் மாற்றம் அதிகம் தெரியும். வடிகட்டி இல்லையென்றால் போலராய்ட் கூலிங்கிளாஸின் ஒரு கண்ணை லென்ஸ் முன் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், ஓரளவு வேலை செய்யும். எவர்சில்வர் சிங்கிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது, அது உலோகம்.

வெளியிலிருந்து எடுப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும், ராகுகாலம் அல்ல, சூரியனின் இடம். கிழக்குப் பார்த்த வீட்டைக் காலையில் எடுக்க வேண்டும், மேற்குப் பார்த்ததை மாலையில் எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் வெயிலே படாது என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அது லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் சரி. சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சரேகையில், கன்னியாகுமரி 8 டிகிரியில். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் இருக்கும். மே, ஜூன், ஜூலையில் வடக்கு முகப்புக்குக் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் நல்ல வெயில் கிடைக்கும். தெற்குப் பார்த்த வீட்டுக்கு மார்கழி, தை.

உச்சி வெயில் யாருக்கும் ஆகாது. நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு இருக்கும். சூரியன் 80 டிகிரி உயரத்தில் சுவருக்கு எதிரே நின்றால் அந்தச் சன்ஷேடின் நிழல் கீழே 11 அடிக்கு விழும், ஒரு மாடி முழுவதும் இருட்டு. சூரியன் 30 டிகிரியில் இருக்கும்போது அதே நிழல் ஒரு அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் கழித்தும், மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஏறத்தாழ அந்த உயரத்தில் இருக்கும்.

சாமான்களை ஒதுக்கிவைக்கச் சொல்லாத ஆலோசகர் இல்லை, அதை நீட்டத் தேவையில்லை. ஒரு சின்னச் சோதனை மட்டும் சொல்கிறேன். ஹாலை உள்ளபடியே ஒரு படம் எடுங்கள். பிறகு கொடியில் காயும் துணி, செய்தித்தாள் கட்டு, ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அதே இடத்திலிருந்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டாவது கோப்பின் அளவு பெரும்பாலும் குறைந்திருக்கும். நம் படங்கள் சேமிக்கப்படும் ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கலவையாக எழுதுகிறது. வெறுமையான சுவருக்கு இரண்டு எண் போதும், டப்பா அடுக்குக்கு நிறைய எண்கள் வேண்டும். இதன் அடிப்படையான கணித உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அந்தக் கட்டுரையில் நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோரும் உடன் எழுதியவர்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் ரூத் ரோசன்ஹோல்ட்ஸ் குழுவினர் 2007இல் கண்ணுக்குத் தெரியும் குழப்பத்தை அளக்க முன்வைத்த அளவீடுகளில் ஒன்றும், படத்தைச் சுருக்கி எழுத எத்தனை தகவல் தேவை என்ற இதே யோசனையில் அமைந்ததுதான். ஒதுக்கும்போதே சுவரில் மாட்டிய குழந்தைகளின் படம், பட்டச் சான்றிதழ், சாவிக்கொத்து, பூஜை அறை வெள்ளி எல்லாமே சட்டத்துக்கு வெளியே போகட்டும். இது அழகுக்கு அல்ல, பாதுகாப்புக்கு. படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் பதிவாகியிருக்கலாம். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததைப் புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். அவர் அதைத் திரும்பப் பதிவேற்றும்போது இன்னொரு முறை சுருங்கும். ஒவ்வொரு சுருக்கத்திலும் நிறத் தகவல்தான் முதலில் வெட்டப்படும். ஆத்தங்குடி டைல்ஸின் சிவப்பும் பச்சையும் ஓரங்களில் ஒன்றோடொன்று வழியும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். அப்படிப் போகும்போது இடத் தகவலும் சேர்ந்தே போகும் என்பதால்தான் லொகேஷனை முதலிலேயே அணைக்கச் சொன்னது.

சரி, இதனால் பணம் வருமா? படம் முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு காட்சியின் சாரத்தை மூளை எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறது என்று சோதித்த எம்ஐடியின் மேரி பாட்டர், படம் 13 மில்லிநொடி மட்டுமே தோன்றினாலும் அதில் என்ன இருந்தது என்று பலர் சொல்லிவிடுவதை 2014இல் காட்டினார். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மைக்கேல் சீலரும் சக ஆய்வாளர்களும், இணையத்தில் வீடு தேடுபவர்களின் கண் அசைவைக் கருவி கொண்டு பதிவு செய்து 2012இல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோர் பார்வையும் முதலில் வீட்டின் முகப்புப் படத்துக்குத்தான் போனது. முகவர் தன் கைப்பட எழுதிய புகழுரைக்குக் கடைசி இடம். ஆகவே எந்தப் படம் முதலில் வரவேண்டும் என்பதற்கு வரிகளைவிட அதிக யோசனை தேவை. தனி வீடென்றால் எலிவேஷன். அடுக்குமாடியென்றால் முகப்பு எல்லோருக்கும் பொது, அங்கே பால்கனி வெளிச்சம் விழும் ஹால்தான் முதல் படம்.

பண விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். தொழில்முறைக் கலைஞர் எடுத்த படங்களோடு வந்த வீடுகள், கேட்ட விலையோடு ஒப்பிடுகையில் 3,400 முதல் 11,200 டாலர் வரை கூடுதலாக விற்றன என்று ரெட்ஃபின் என்ற அமெரிக்க நிறுவனம் தன் தரவுகளிலிருந்து சொன்னது. இதைக் காரணம், விளைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. படத்துக்குச் செலவழிக்கிற உரிமையாளர் சுவருக்கு வெள்ளையடித்திருப்பார், குழாயை மாற்றியிருப்பார், நல்ல முகவரை வைத்திருப்பார். எது விலையைத் தூக்கியது? வாடகை வீடுகளில் இதைக் கொஞ்சம் தெளிவாகப் பிரிக்க முடிந்தது. ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 2009இல் நியூயார்க்கில் தாங்களே வீடு வீடாகப் போய்ப் படமெடுத்ததும் வருமானம் இரட்டிப்பானதும் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற கதை. பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கண்ணன் சீனிவாசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஏர்பிஎன்பியின் கலைஞர்கள் எடுத்த படங்களுக்கு மாறிய வீடுகளையும் மாறாத வீடுகளையும் ஒப்பிட்டு, மாறியவற்றில் ஆள் தங்கும் விகிதம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடியதாகக் கணக்கிட்டார்கள். 9 சதவீதம் நல்ல தொகை. ஆனால் நம் புகைப்பட நிபுணர்கள் விளம்பரத்தில் சொல்லும் ‘மூன்று மடங்கு வேகம்’ எல்லாம் அதில் இல்லை.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. போனிலேயே அழிப்பான் வந்துவிட்டது. வீட்டு முன்னால் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரை விரலால் தேய்த்தால் போய்விடுகிறது. கூரையின் ஈரக் கறையும் போய்விடுகிறது. காலி அறையில் சோபா வந்து உட்கார்ந்துகொள்கிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2026 ஜனவரி முதல் இதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறது. விற்பனைப் படத்தை இப்படி மாற்றியிருந்தால் ரியல் எஸ்டேட் முகவர் அதைச் சொல்ல வேண்டும், மாற்றாத மூலப் படத்தையும் பார்க்க வழி தர வேண்டும். வெளிச்சம், நிறம், சாய்வு, வெட்டு ஆகிய வழக்கமான திருத்தங்களுக்கு விலக்கு உண்டு. கேமராவின் குறையைத் திருத்துவதற்கும் வீட்டின் குறையை மறைப்பதற்கும் நடுவே கோடு போட்ட சட்டம் அது, சரியான இடத்தில் போட்டிருக்கிறது.

நமக்குப் படத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை என்று யாரும் தைரியம் கொள்ள வேண்டாம். 2016ஆம் ஆண்டின் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 12ஆவது பிரிவில், பில்டரின் பொய் விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. மாதிரி வீடும் அதில் அடக்கம். பழைய வீட்டை விற்கும் தனிநபருக்கு அதைவிடப் பழைய சட்டம் இருக்கிறது: 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆவது பிரிவு. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை எதுவும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது. எனவே ஈரக் கறையைப் போனில் அழிக்காதீர்கள். அதையும் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, பழுதுபார்த்திருந்தால் அதற்கான பில்லையும் சேர்த்து, வாங்க வருகிறவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.